குழாயடியில் விழுந்தவர்கள்

முதல் கண்ணுக்கு என்ன நிறம் வேண்டும் என்று என்னை யாரும் கேட்கவில்லை. இரண்டாவது கண்ணுக்குக் கேட்டார்கள். ஓசூரில் ஒரு கண் மருத்துவமனையின் பின்பக்க அறையில், ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தபடி என்னை உட்கார வைத்து, மெல்லிய பிரஷ் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் கேட்டார். வெள்ளை விழியில் சிவப்பு நரம்பு எவ்வளவு வேண்டும் என்றுகூடக் கேட்டார். "நரம்பெல்லாம் எதுக்குங்க, சுத்த வெள்ளையா போட்டுடுங்க" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமியார். "நிறைய வைங்க. நான் கோவக்காரி" என்றேன் நான்.

அந்த நாற்காலிக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவன் குத்தினான். 'குத்தினார்' என்று எழுத மாட்டேன். அந்த மரியாதையெல்லாம் அன்றைக்கே தீர்ந்துபோயிற்று.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஞாயிறு வந்தால் அவன் கூட்டாளிகளோடு எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போய்விடுவான். அந்தப் பக்கம் கர்நாடகா, சரக்குக் கடைகள் வரிசையாக இருக்கும். முந்தின ஞாயிறு குடித்துவிட்டு வரும்போது ஜூஜுவாடிக்குப் பக்கத்தில் வண்டியோடு சறுக்கி, முட்டியெல்லாம் ரத்தமாக வந்து நின்றான். நான்தான் கழுவிவிட்டேன். இன்னொரு தடவை கழுவ எனக்குப் பொறுமை இல்லை. அதனால் வண்டிச் சாவியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடி வைத்தேன்.

தேடிக் கண்டுபிடித்துவிட்டான். டப்பாவைக் கவிழ்த்து, அடுப்படி முழுக்க அரிசி. சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். நான் சும்மா இருந்திருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ பேர் சொன்னார்கள். நான் ஏன் சும்மா இருக்க வேண்டும்? "போ. போய் லாரிக்கு அடியில விழு. வந்து அள்ளிக்கிட்டுப் போக நான் வரமாட்டேன்" என்றேன். அவன் கை வந்தது தெரிந்தது. சாவி விரலிடுக்கில் நீட்டிக்கொண்டிருந்தது தெரியவில்லை.

வலியை எழுதி என்ன ஆகப் போகிறது. கன்னத்தில் சூடாக ஒழுகியது ரத்தம் மட்டும் இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அரிசி மேல் உட்கார்ந்துவிட்டேன். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆமாம், போய்விட்டான். அத்திப்பள்ளிக்கு.

அந்த வீட்டில் எல்லாவற்றையும் பார்த்த ஆள் ஒருத்தர் உண்டு. வாசற்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார். கை நீட்டியது, சாவி, அரிசி எல்லாம் அவர் கண்ணெதிரே நடந்தது. ஓடி வந்து தன் முந்தானையைச் சுருட்டி என் முகத்தில் வைத்து அழுத்தினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்ததும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான்: "குழாயடியில வழுக்கி விழுந்துட்டா." யோசித்துச் சொன்ன மாதிரி இல்லை. வாயிலேயே தயாராக இருந்த மாதிரி வந்தது.

அவர்கள் வீட்டுப் பின்பக்கம் பாசி பிடித்த சிமெண்ட் மேடையோடு ஒரு குழாயடி உண்டு. அங்கே நான் ஒருநாளும் விழுந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட டாக்டரிடம் நான் உண்மையைச் சொன்னேன். கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டியில் வேலை செய்கிற என் அண்ணன் சேதி கேட்டு, வண்டிப் பெட்டியில் அரிவாளை வைத்துக்கொண்டு வந்தான். மண்டிக்காரர்கள் பின்னாலேயே வந்து அவனைப் பிடித்து வைத்தார்கள். வெட்ட விடாமல் பிடித்தவர்கள்தான் அவனை மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போய்ப் புகார் எழுத வைத்தார்கள். என் கணவன் சிறைக்குப் போனான், ஜாமீனில் வந்தான். என் இடது கண் வரவில்லை. தைத்துப் பார்த்தார்கள், பெங்களூருக்கு அனுப்பிப் பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அது சுருங்கி, நடுவில் கருவிழி இருந்த இடம் பாலாடை மாதிரி வெளுத்துப்போயிற்று. வலி நின்றுவிட்டதால் கண்ணை எடுக்க வேண்டியதில்லை, பின்னால் அதன் மேலே ஒரு ஷெல், கண் மாதிரியே நிறம் தீட்டிய மெல்லிய மூடி, போட்டுக்கொள்ளலாம் என்றார்கள்.

எங்கள் பக்கம் பாசமாகப் பேசினால் 'என்ன கண்ணு' என்றுதான் ஆரம்பிப்போம். என்னைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் 'என்ன' என்றதோடு நிறுத்தி எச்சில் விழுங்கினார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அடிக்கவும் தோன்றியது.

நான் சிப்காட்டில் போனுக்குப் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறேன். லைனில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் எடுத்துப் போட வேண்டும். கண்ணை வைத்துப் பிழைக்கிற வேலை. திரும்பிப் போனபோது என்னை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். கம்பெனி பஸ்ஸில் என் இடது பக்கம் யாரும் உட்கார மாட்டார்கள். கேன்டீனில் கூடச் சாப்பிடுகிற பெண்கள் நல்லவர்கள்தான், ஆனால் என் வலது பக்கமாகவே தட்டை எடுத்துக்கொண்டு வருவார்கள். அந்த வெள்ளைக் கண்ணை நான் வெறுத்தேன். முகம் கழுவும்போது கண்ணாடியைத் திருப்பி வைத்துவிடுவேன். ஒருநாள் கண்ணாடியைச் சுவரில் அடித்து உடைத்தேன்.

இதற்கு நடுவில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கிருஷ்ணகிரி மண்டியில் கூடினார்கள். சீசன் இல்லாத நேரம். காலி கிரேட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து ஞாயம் பேசினார்கள். கேஸை வாபஸ் வாங்க முடியாது, சட்டம் விடாது என்று அவர்கள் வக்கீல் சொல்லியிருந்தார். அதற்கு ஒரு வழியும் சொல்லிக் கொடுத்திருந்தார். பார்த்த சாட்சி இரண்டே பேர், நானும் மாமியாரும். இரண்டு பேரும் கோர்ட்டில் 'குழாயடியில் விழுந்தது' என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

"நாங்க பொண்ணுக்குக் கண்ணு வச்சுக் கொடுத்துடறோம். பழையபடி ஆயிடுச்சுன்னா அப்புறம் எதுக்குக் கேஸு" என்றார் அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டிக் கொடுப்பதைப் போலப் பேசினார். மாடு இடித்த வேலியை மாட்டுக்காரன் கட்டிக் கொடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்பது எங்கள் ஊர்ப் பக்கத்து ஞாயம். அதையே என் முகத்துக்கும் போட்டார்கள். என் அண்ணன் தலையை ஆட்டினான். அரிவாளோடு வந்தவன்தான். வருஷம் போகப் போக அரிவாள் கனக்கும் போலிருக்கிறது.

நான் ஏன் ஒத்துக்கொண்டேன்? எனக்குக் கண் வேண்டும். அவ்வளவுதான். என் இடது பக்கத்தில் ஒரு ஆள் வந்து உட்கார வேண்டும். இன்னொன்றும் இருந்தது. ஜாமீனில் வந்தவன் மண்டியில் என் முன்னால் தலை குனிந்து நின்றான். திருந்திவிட்டான் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

அவன் வீட்டுக்குத் திரும்பிப் போனேன். ஷெல் வருவதற்கு முந்தைய அந்த மாதங்களில் அவன் இருந்த இருப்பை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. குரல் உயராது. தட்டைத் தானே கழுவி வைப்பான். நான் எதிரே வந்தால் சுவரைப் பார்ப்பான். நான் சும்மா விடுவேனா, சீண்டிப் பார்த்தேன். அவன் ஒளித்து வைத்திருந்த பாட்டிலை எடுத்து வந்து, அவன் முன்னாலேயே தொட்டியில் கவிழ்த்தேன். எழுந்து வெளியே போய்த் தெருவில் நின்றான். ஒருநாள் தண்ணீர்ச் செம்பை அவன் மேல் எறிந்தேன். தோளில் பட்டது. துடைத்துக்கொண்டான். அந்த வீட்டில் அப்போது கை ஓங்குகிறவள் நான்தான். நன்றாகத்தான் இருந்தது.

ஷெல் செய்கிறவர் பெங்களூரிலிருந்து வாரத்தில் ஒருநாள் ஓசூர் மருத்துவமனைக்கு வருவார். கன்னடக்காரர். பாதித் தமிழ், பாதிக் கன்னடம், எப்போதும் டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டே இருப்பார். மாமியார்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். நான் வாக்குத் தவறாமல் இருக்கிறேனா என்று பார்த்துக்கொள்ள அனுப்பினார்களோ என்னவோ.

முதலில் அளவு எடுக்க வேண்டும். மரத்துப்போகிற சொட்டு மருந்து விட்டு, இமையை விரித்து, சின்னக் கரண்டி மாதிரி ஒன்றை உள்ளே வைத்தார். அதன் நடுவில் இருந்த குழாய் வழியாகக் குளிர்ந்த மாவு ஒன்றை ஊசியில்லாத சிரிஞ்சால் அழுத்தினார். "நேரா நோடும்மா, அலுகாடபேடா" என்றார். நேராகப் பார், அசையாதே என்று அர்த்தம். அந்தக் கை என் கண்ணுக்கு நேராக வந்ததுதான் எனக்குத் தெரியும். என் கை தானாக எழுந்து அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்துவிட்டது. மாவு சுவரில் தெறித்தது. மாமியார் பதறி எழுந்தார்.

கன்னடக்காரர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "பரவால்ல. அடி வாங்கி வர்றவங்க இந்த எடத்துல அடிப்பாங்க. விபத்துல வர்றவங்க அழுவாங்க" என்றார். பிறகு மாமியாரைப் பார்த்து, "இவங்களுக்கு எப்படி ஆச்சு" என்று கேட்டார்.

"குழாயடியில விழுந்துட்டா" என்றார் மாமியார்.

கன்னடக்காரர் புதிதாக மாவு கலக்கப் போனார். மறுபடி அவர் கை வந்தபோது நான் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மாவு உள்ளே இறுகுகிறவரை பல்லைக் கடித்தபடி என் கணவனை மனதுக்குள் அடித்துக்கொண்டே இருந்தேன். சாவியால், செம்பால், கையில் கிடைத்ததால் எல்லாம். வெளியே எடுத்தபோது என் கண்குழியின் அச்சு ஒரு சிப்பி போல அவர் உள்ளங்கையில் இருந்தது.

அடுத்தடுத்த வாரங்களில் மெழுகில் செய்து வைத்துப் பார்த்தார், சுரண்டினார், மறுபடி வைத்தார். உறுத்தும், நீர் கொட்டும், திட்டுவேன். நிறம் தீட்டுகிற நாளில்தான் அந்த நரம்புப் பேச்சு வந்தது. என் வலது கண்ணை உற்று உற்றுப் பார்த்து, கருவிழிக்குள் பழுப்பும் கறுப்புமாகப் புள்ளி புள்ளியாக வைத்தார். சிவப்புப் பட்டு நூலைப் பிரித்துப் பிரித்து, பார்வைக்கே தெரியாத இழைகளாக்கி, வெள்ளையின் ஓரத்தில் ஒட்டினார். அதுதான் நரம்பு. "இது இல்லேன்னா பொம்மைக் கண்ணு மாதிரி இருக்கும்" என்றார். நான் கேட்டபடி தாராளமாகவே வைத்தார்.

போட்டுவிட்டுக் கண்ணாடியைக் கொடுத்தார். நான் பார்த்தேன். நான் இருந்தேன். இரண்டு கண்ணோடு, பழைய நான். வலது கண் திரும்பினால் அதுவும் கொஞ்சம் திரும்பியது. கண்ணாடியை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதேன். மாமியார் என் கன்னத்தில் கை வைத்தார், அவருக்கும் கண் நிறைந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கும் வேலைக்குப் போகும்போது அதைப் போட்டுக்கொண்டுதான் போகிறேன். அதன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

எப்படிக் கழற்றுவது, எப்படிக் கழுவுவது, கழற்றி வைத்திருக்கும்போது காய விடாமல் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். "தெரியும், தெரியும்" என்றார் மாமியார்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கைகழுவப் போனபோது, "உங்களுக்கு எப்படி அத்தை தெரியும்" என்று கேட்டேன். அவர் சுற்றிலும் பார்த்தார். வாய்க்குள் விரலை விட்டு, முன்பல் இரண்டு ஒட்டியிருந்த ரோஸ் நிறத் தகடு ஒன்றை எடுத்தார். குழாயில் கழுவினார். அவர் பல் கட்டியிருக்கிறார் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. மேலுதடு உள்ளே ஒடுங்கி, சட்டென்று வேறொரு பெண்ணாக நின்றார்.

"எப்படிப் போச்சு?"

"குழாயடியில விழுந்துட்டேன்" என்றார். தகட்டை மாட்டிக்கொண்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "வா, பஸ்ஸு வந்துடும்" என்று முன்னால் நடந்தார்.

மாமனார் செத்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. மாலை போட்ட படம்தான் நான் பார்த்தது. வீட்டுக்குப் போனதும் அந்தக் குழாயடியைப் போய்ப் பார்த்தேன். அதன் மேல் காறித் துப்பினேன்.

அன்று மாலை என் கணவன் வேலை முடிந்து வந்தான். வழக்கம்போலச் சுவரைப் பார்க்கத் திரும்பியவன் நின்றுவிட்டான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தான். சிரித்தான். "பழைய மாதிரி ஆயிட்டே" என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது, வெட்கமில்லாமல். அந்த வாரமே தட்டைக் கழுவாமல் வைத்துவிட்டு எழுந்தான். அடுத்த ஞாயிறு வண்டியை எடுத்துக்கொண்டு அத்திப்பள்ளிக்குப் போனான். கேஸ் இந்த மாதத்தோடு முடிந்துவிடும் என்று போனில் யாரிடமோ சத்தமாகப் பேசினான். ஒரு பாட்டில் டிவிக்குப் பக்கத்திலேயே நின்றது. அதை நான் கவிழ்க்கவில்லை.

கோர்ட் தேதிக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு காலை நேரம். வலது அடுப்பில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். இடது அடுப்பில் பால். இடது பக்கம் எனக்குத் தெரியாது என்பதை நானே சில நேரம் மறந்துபோவேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து கருகியது. அவன் பின்னாலிருந்து வந்தான்.

"கண்ணு தெரியலையாடி உனக்கு?"

எத்தனை வீட்டில் எத்தனை பேர் தினமும் கேட்கிற கேள்வி அது. ஆனால் கேட்டது அவன். கேட்டுவிட்டு அவன் முகம் மாறவேயில்லை. அவனுக்கு உண்மையிலேயே மறந்துபோயிருந்தது.

"தெரியல. நீதான் எடுத்துக்கிட்டே" என்றேன்.

கை இடது பக்கமிருந்து வந்தது. வலது கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை, காற்றுகூட. தலை ஷெல்ஃப் விளிம்பில் மோதியது. கன்னம் எரிந்தது. டக் என்று சின்னச் சத்தம். ஷெல் தெறித்துத் தரையில் உருண்டு சிலிண்டருக்கு அடியில் போய்விட்டது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து அவனைத் திரும்பிப் பார்த்தேன்.

அவன் என் முகத்தைப் பார்த்ததும் பின்வாங்கினான். வெள்ளைக் கண் மறுபடி வெளியே வந்திருந்தது. சட்டென்று முழங்காலில் விழுந்து சிலிண்டருக்கு அடியில் கையை விட்டுத் துழாவ ஆரம்பித்தான். "எடுத்துப் போட்டுக்க. முதல்ல அதை எடுத்துப் போட்டுக்க. போட்டுக்கடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அடித்ததற்கு ஒரு வார்த்தை இல்லை. வலிக்கிறதா என்று கேட்கவில்லை. அவன் செய்தது அவன் கண்ணில் படக் கூடாது, அவ்வளவுதான் அவன் கவலை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் திருந்தவே இல்லை. இத்தனை மாதமும் அந்த வீட்டில் என்னை அடி விழாமல் காத்தது, நான் கண்ணாடியை உடைத்து வெறுத்த அந்த வெள்ளைக் கண்தான். அதைப் பார்க்க முடியாமல்தான் கை ஓங்காமல் இருந்தான். அதன்மேல் மூடி போட்டதும் அவன் கணக்கில் ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிட்டது. மறுபடி முதலிலிருந்து அடிக்கலாம்.

குனிந்து அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தேன். முகத்தை மேலே திருப்பினேன். "பாரு" என்றேன். கண்ணை இறுக மூடிக்கொண்டான். "பாருடா. நீ பண்ணுனதைப் பாரு." முடியைப் பிடித்து உலுக்கினேன், கையோடு கொஞ்சம் பிடுங்கிக்கொண்டும் வந்தது. அவன் திருப்பி அடிக்கவில்லை. கண்ணைத் திறக்காமலே, "அம்மா, அதை எடுத்துக் கொடும்மா இவகிட்ட" என்று கத்தினான்.

மாமியார் குழாயடியிலிருந்து குடத்தோடு வந்து வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. குடத்தை இறக்கினார். குனிந்து சிலிண்டரை நகர்த்தி ஷெல்லை எடுத்தார். குடத்துத் தண்ணீரில் கழுவினார். போட்டுக்கொள் என்று சொல்லவில்லை. என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டு, அடுப்பைத் துடைக்கப் போய்விட்டார். நான் அதை டப்பாவில் போட்டு, துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டு, தெரு வழியே அந்தக் கண்ணோடேயே நடந்து வெளியேறினேன்.

ஜூஜுவாடியில் என்னோடு வேலை பார்க்கிற பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தார்கள். அங்கே போய்ச் சேர்ந்தேன். அவன் தன் கூட்டாளி ஒருவனிடம் சொல்லி அனுப்பினான்: "சொன்னபடி சொல்லிட்டா நல்லது. இன்னொரு கண்ணு மிச்சம் இருக்குதுன்னு மறந்துட வேண்டாம்னு சொல்லு." வந்தவன் அதை அப்படியே ஒப்பித்தான். நான் ரூமுக்குள் போய்க் காய் நறுக்குகிற கத்தியோடு வந்தேன். அவன் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான். ஆனால் அன்றிலிருந்து நடக்கும்போதெல்லாம் என் கை தானாக வலது கண்ணுக்குப் போகும். அந்த ஒன்றும் போய்விட்டால் என் கதி என்ன என்று பயந்தேன். நன்றாகவே பயந்தேன்.

அண்ணன் வந்தான். "ஞாயத்துல ஒத்துக்கிட்டோம். அவங்க கண்ணு வச்சுக் கொடுத்துட்டாங்க இல்ல. நம்ம பேச்சைக் காப்பாத்த வேணாமா" என்றான்.

டப்பாவைத் திறந்து அவன் கையில் கொட்டினேன். "இந்தா, வச்சுக் கொடுத்தது இதுதான். இதால நீ ஒரு நிமிஷம் பார்த்துக் காட்டு, நான் குழாயடியில விழுந்தேன்னு சொல்றேன்" என்றேன். அவன் அதை உள்ளங்கையில் புரட்டிப் பார்த்தான். பிறகு பத்திரமாக டப்பாவில் வைத்துக் கொடுத்துவிட்டு, கோர்ட்டுக்குத் தானும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அரசு வக்கீல் அம்மா ஒளிக்காமல் பேசினார். "நீ சொல்றதை மட்டும் வச்சா, புருஷன் மேல பகை, அதான் சொல்றாள்னு கேஸை அடிச்சுடுவாங்க. உன் மாமியார் என்ன சொல்றாங்கங்கறதுதான் முக்கியம். பெத்த அம்மா குழாயடின்னு சொல்லிட்டாங்கன்னா அவன் அன்னைக்கே வீட்டுக்குப் போயிடுவான்." வீட்டுக்குப் போனால் அடுத்து எங்கே வருவான் என்று எனக்குத் தெரியும். ஓட்டலில் என் எதிரே நின்று வாயைத் துடைத்துக்கொண்டு 'குழாயடியில விழுந்துட்டேன்' என்ற அந்த அம்மாவின் வாயில்தான் என் மிச்சக் கண் இருந்தது. மகனுக்கு எதிராக எந்த அம்மா பேசியிருக்கிறார்? நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன்.

கோர்ட் தேதியன்று ஷெல்லைப் போடாமல் போனேன். டப்பா பையில் இருந்தது. அண்ணன் வாசலில் நிற்க, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். என் இடது பக்கம் காலியாக இருந்தது, பரவாயில்லை என்று இருந்தது. படிக்கட்டுப் பக்கம் என் கணவன் வக்கீலோடு நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். என் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

மாமியார் தனியாக வந்தார். மகனைத் தாண்டி நடந்தார். அவன் ஏதோ சொன்னான், நிற்கவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நேராக வந்து என் இடது பக்கம் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, எழுந்து வலது பக்கம் வந்து உட்கார்ந்தார். எனக்குத் தெரிகிற பக்கம். முந்தானையை எடுத்தார்.

மேலுதடு உள்ளே ஒடுங்கியிருந்தது. ஓட்டல் குழாயடியில் நான் பார்த்த அந்த இன்னொரு பெண்.

"பல்லு எங்கே அத்தை?"

"வீட்டுல, தண்ணியில கிடக்குது" என்றார். பேச்சோடு காற்றும் கலந்து வந்தது. படிக்கட்டுப் பக்கம் சிரிப்பு நின்றுபோயிருந்தது. என் கணவன் தன் அம்மாவின் வாயைப் பார்த்தான், என் கண்ணைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து ஒருதரம் அழுத்திவிட்டு விட்டார்.

"நீ முன்னால போ. அடுத்தது என்னைத்தான் கூப்பிடுவாங்க."